கூரையிலிருந்து தொடங்குவோம்

மின்சக்திச் சிக்கனம் என்ற பேச்சு எழுந்தவுடனே நம்மவர் மனம் விளக்கையும் விசிறியையும் நாடுகிறது. எந்த விளக்கு குறைவாக மின்சாரம் உண்ணும், எந்தக் குளிர்சாதனத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறோம். இக்கேள்விகள் தவறானவை அல்ல. ஆயினும் இவற்றுக்கு முன்னரே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த விளக்கும் விசிறியும் எந்த வீட்டில் தொங்குகின்றனவோ, அந்த வீடு எப்படிப்பட்டது? அதன் கூரை நண்பகல் வெயிலை என்ன செய்கிறது? அதன் ஜன்னல்கள் எத்திசையை நோக்குகின்றன? இவற்றைக் கேளாதவர், ஓட்டைக் குடத்தில் நீரை மொண்டு ஊற்றிக்கொண்டே, மொள்ளுகின்ற செம்பு நல்ல செம்புதானா என்று ஆராய்பவரை ஒப்பர்.

வீட்டின் சக்திச் சிக்கனம் முதலில் கட்டடத்தின் குணம். பிறகே கருவியின் குணம். கட்டடத்திலும், நம் நாட்டின் பெரும்பகுதியில் முதற்கண் கவனிக்கத்தக்கது கூரையே. இதுவே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் கருத்து. கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் வீடு கட்டுவோருடன் நேரில் பழகும் களப்பணியாளர்களும், நாளை வீடு கட்டப்போகும் சிறுவர் சிறுமியருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களும் இதனை ஏற்றுச் செயற்பட்டாலன்றி, இக்கருத்து மக்களிடம் போய்ச் சேராது என்பது என் அபிப்பிராயம். கிராம வீட்டின் சக்திச் செலவில் அடுப்புக்கு உரிய பங்கு பெரிது. ஆனால் அது தனியே ஆராயத்தக்க விஷயம். வீட்டை வெயிலினின்றும் குளிரினின்றும் காப்பது பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

கருவிகளால் விளைந்த நன்மை

கருவிகளின் துறையில் நாடு அடைந்துள்ள முன்னேற்றத்தைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. 2001ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 2002 மார்ச்சு மாதத்தில் எரிசக்தித் திறன் செயலகம் அமைந்தது. 2006இல் அது கருவிகளுக்கு நட்சத்திர முத்திரை வழங்கும் முறையைத் தொடங்கியது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் வாயிலாக 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் மக்களைச் சென்றடைந்தன. முன்பு 60 வாட் குண்டு பல்பு தந்த ஒளியை இன்று 9 வாட் விளக்கு தந்துவிடுகிறது. 2020 ஜனவரி முதல், நட்சத்திர முத்திரை பெற்ற அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரி உஷ்ணநிலையிலேயே இயங்கத் தொடங்குமாறு அமைக்கப்படுகின்றன. 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயமாயிற்று.

விசிறியின் கணக்கு எளிதானது. பழைய முறை விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்ளும். பி.எல்.டி.சி. எனப்படும் புதுமுறை மோட்டார் பொருந்திய விசிறிக்கு 30 வாட் போதும். நாளொன்றுக்கு 15 மணி நேரம் சுழன்றால் முன்னது 1.125 யூனிட்டும், பின்னது 0.45 யூனிட்டும் செலவிடும். ஆண்டில் 250 நாள் சுழலும் என்று கொண்டால், ஒரே விசிறியில் ஏறத்தாழ 170 யூனிட் மிச்சமாகிறது. இத்தகைய கணக்குகளை மக்களிடம் எடுத்துச் சொல்லுதல் நன்றே.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். விளக்கு சில ஆண்டுகளில் அணைந்துபோகும். விசிறியையும் குளிர்சாதனத்தையும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்றுவோம். கருவியைத் தேர்ந்தெடுப்பதில் நேர்ந்த பிழை, அடுத்த கருவியை வாங்கும்போது தீர்ந்துவிடும். வீடோ ஐம்பது ஆண்டும் அதற்கு மேலும் நிற்பது. கூரையில் செய்த பிழையைப் பேரன் காலம் வரையில் சுமக்க நேரிடும். அப்பிழைக்காக ஒவ்வொரு கோடையிலும் அபராதம் கட்ட வேண்டும். பணம் உள்ளவர் மின்கட்டணமாகக் கட்டுவர், இல்லாதவர் உறக்கத்தையும் உடல்நலத்தையும் கொடுத்துக் கட்டுவர்.

வெப்பம் புகும் வழி

தில்லி நகரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதத்து நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 85 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே நிற்கிறது. அவ்வேளையில் கதிர்கள் சுவர்களை ஒட்டிச் சாய்ந்து இறங்குகின்றன. கூரையோ முழு வெயிலையும் நேருக்கு நேர் ஏற்கிறது. வானம் தெளிந்த கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரைமீது ஏறத்தாழ 900 வாட் அளவுக்கு வெயில் விழும். 25 சதுர மீட்டர் பரப்புள்ள சிறு வீட்டின் கூரைமீது விழுவது 22 கிலோவாட்டுக்கும் அதிகம். பழுப்பேறிய கான்கிரீட் இதில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிக்கொள்கிறது.

விழுங்கிய வெப்பத்தில் பெரும்பகுதி காற்றுக்கும் வானுக்கும் திரும்பிச் சென்றுவிடும். எஞ்சியது கூரையின் ஊடே உள்ளிறங்கும். 15 சென்டிமீட்டர் கனமுள்ள வெறும் கான்கிரீட் தளம், இரு பக்கமும் நிலவும் உஷ்ணநிலையின் வேறுபாடு ஒரு டிகிரியாக இருக்கும்போது, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3.3 வாட் வெப்பத்தை உள்ளே விடுகிறது. வெயிலையும் காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், மே மாதத்து நண்பகலில் கூரைக்கு வெளியே நிலவும் நிலை 60 டிகிரிக்கு ஒப்பாகும். அறைக்குள் 35 டிகிரி என்று கொண்டால் வேறுபாடு 25 டிகிரி. இம்மூன்று எண்களையும் பெருக்கினால், அச்சிறு கூரையின் வழியே புகுவது சுமார் 2,000 வாட் என்று கிடைக்கும். இரண்டு கிலோவாட் மின்சார அடுப்பு ஒன்றைத் தலைகீழாக மேலே கட்டித் தொங்கவிட்டு, அதன் கீழே குடியிருப்பதற்கு இது சமானம். ஒரு டன் குளிர்சாதனம் அறையிலிருந்து வெளியேற்றவல்ல வெப்பம் 3,500 வாட் அளவே. அதன் திறமையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி கூரை ஒன்றுக்கே போய்விடுகிறது.

இது தோராயக் கணக்கு. கான்கிரீட்டின் கனம் வெப்பத்தைச் சிறிது நேரம் தன்னிடம் தேக்கிவைத்து, நான்கைந்து மணி நேரம் கழித்தே உள்ளே விடுகிறது. ஆனால் இத்தாமதம் நமக்கு நன்மையாக முடிவதில்லை. பகலில் வாங்கிய கடனை, வீட்டார் அனைவரும் வந்து சேரும் மாலையிலும், அவர்கள் உறங்கப்போகும் இரவிலும் கூரை திருப்பிக் கொடுக்கிறது. தில்லியில் மேல்மாடி வாடகை வீடு ஒன்றில் ஒரு கோடையைக் கழித்த அநுபவம் எனக்கு உண்டு. இரவு பத்து மணிக்கு மொட்டை மாடியில் காற்று ஆறிவிட்டிருக்கும். அறைக்குள்ளேயோ மேற்கூரை, அடுப்பின் பக்கத்துச் சுவரைப்போல் காய்ந்துகொண்டிருக்கும். விசிறி அந்தச் சூட்டையே வாரிக் கீழே தள்ளும். அவ்விசிறிக்கு ஐந்து நட்சத்திரம் இருந்திருந்தாலும் அது வேறெதைத் தள்ளியிருக்கும்?

பரிகாரம் இரண்டு வகைப்படும். முதலாவது, வெயிலைத் திருப்பி அனுப்புவது. கூரைக்கு வெண்சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பும் வெண்ணிறப் பூச்சோ பூசினால், மேற்சொன்ன 2,000 வாட் ஏறத்தாழ பாதியாகக் குறையும். இரண்டாவது, வெப்பம் இறங்கும் வழியை அடைப்பது. தளத்தின்மேல் வெப்பத்தடைப் பொருளைப் பரப்பி, அதன்மேல் தட்டோடு பதித்து, வெப்பம் ஊடுருவும் அளவை 3.3 வாட்டிலிருந்து 1.2 வாட்டாக இறக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் 2,000 வாட் சுமார் 400 வாட்டாக அடங்கிவிடும். இப்பணியைச் செய்யும் கூரைக்கு மின்சாரம் ஒரு யூனிட்டும் வேண்டுவதில்லை. மின்சாரம் நின்றுபோன இரவிலும் அது தன் வேலையை நிறுத்துவதில்லை.

திசையும் நிழலும்

கூரைக்கு அடுத்தபடியாக வருவது ஜன்னல். வடநாட்டுச் சமவெளியில் தெற்கு நோக்கிய ஜன்னலே வீட்டுக்கு உற்ற நண்பன். கோடையில் சூரியன் உச்சியில் நிற்பதால், ஜன்னலுக்குமேல் நீட்டிய சிறு நிழற்பலகையே வெயிலை மறித்துவிடும். டிசம்பர் மாதத்து நண்பகலில் தில்லியில் சூரியனின் உயரம் 38 டிகிரிதான்; ஆகவே அதே பலகையின் கீழாகக் குளிர்கால வெயில் அறைக்குள் நுழைந்து, செலவின்றிக் கதகதப்பூட்டும். மேற்கு நோக்கிய ஜன்னலின் குணம் இதற்கு நேர்மாறானது. பிற்பகல் வெயில் தாழ்ந்து, பக்கவாட்டில் பாய்ந்து வருவதால் மேலே நீட்டிய பலகையால் பயனில்லை. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ, செங்குத்தான மறைப்போ, ஒரு மரமோ இருக்க வேண்டும். உட்புறம் தொங்கும் துணித்திரை, கண்ணாடியைக் கடந்து வீட்டுக்குள் வந்துவிட்ட வெப்பத்தை மறைக்குமேயன்றி வெளியேற்றாது. நிழல் என்பது எப்பொழுதும் கண்ணாடிக்கு வெளிப்புறத்தில் இருத்தல் வேண்டும்.

இவ்விதிகளையும் அப்படியே எல்லா ஊருக்கும் பொருத்துதல் கூடாது. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் அங்கே சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஆதலின் சென்னையில் வடக்கு ஜன்னலுக்கும் நிழற்பலகை தேவைப்படும்.

ஒரே மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது

வீட்டுக் கட்டடங்களுக்கான சக்திச் சிக்கன விதித்தொகுப்பு, ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற பெயரால் 2018 டிசம்பரில் வெளியிடப்பட்டது. அது நாட்டை வறண்ட வெப்ப மண்டலம், ஈர வெப்ப மண்டலம், கலப்பு மண்டலம், மித மண்டலம், குளிர் மண்டலம் என ஐந்தாகப் பிரிக்கிறது. திறக்கக்கூடிய ஜன்னல், கதவுகளின் பரப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று அது கூறுவதைக் கவனியுங்கள். ஈர வெப்ப மண்டலத்தில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு. கலப்பு மண்டலத்திலும் மித மண்டலத்திலும் எட்டில் ஒரு பங்கு. வறண்ட வெப்ப மண்டலத்தில் பத்தில் ஒரு பங்கு. குளிர் மண்டலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒவ்வொரு மண்டலத்துக்கும் குறைந்த அளவு இதுவே.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. இராஜஸ்தானம் போன்ற வறண்ட பகுதியில் பகற்காற்று அனலாக வீசும், இரவுக்காற்று குளிர்ந்திருக்கும். அங்கே பகலில் ஜன்னல்களை மூடியும் இரவில் திறந்தும் வைப்பதே அறிவுடைமை. தடித்த சுவர்கள் இரவின் குளிர்ச்சியைப் பகலுக்குச் சேமித்து வைக்கும். நீரில் நனைந்த வெட்டிவேர்த் தட்டியும், அதே தத்துவத்தில் இயங்கும் டெஸர்ட் கூலரும் அங்கே நன்கு பயன்படும். காற்று வறண்டிருப்பதால் நீர் விரைந்து ஆவியாகி, வெப்பத்தை உடன் கொண்டு செல்கிறது. கடற்கரைப் பகுதியிலோ காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் கூலர் புழுக்கத்தையே பெருக்கும். அங்கே மேனியிலுள்ள வியர்வை உலரக் காற்று ஓட வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் வைத்து, இரவும் பகலும் காற்றுக்கு வழிவிட வேண்டும். லடாக்கில் நிலைமை முற்றிலும் வேறு. லே நகருக்கு அருகில் பே என்னும் கிராமத்தையொட்டி அமைந்த மாணவர் கல்வி வளாகம் ஒன்று, தடித்த மண்சுவர்களும் தெற்கு நோக்கிய கண்ணாடிப் பரப்பும் கொண்டு, கடுங்குளிர் காலத்திலும் சூரிய வெப்பத்தைக்கொண்டே தன் அறைகளைக் காத்துவருகிறது.

ஆகவே, ஒரே துண்டுப்பிரசுரத்தைப் பல மொழிகளில் பெயர்த்து நாடெங்கும் வழங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணும் வழக்கத்தை நான் ஏற்பதற்கில்லை. ஜெய்ப்பூருக்குச் சொன்ன ஜன்னல் யோசனை நாகப்பட்டினத்துக்குப் பொருந்தாது. ஆனால் லடாக் போன்ற குளிர் மண்டலம் நீங்கலாக, எம்மண்டலத்துக்கும் பொதுவாகப் பொருந்துவது ஒன்று உண்டு. வெயிலை வாங்கும் கூரையை வெளுத்து, அதற்கு வெப்பத்தடை இட்டுக் காப்பதே அது. குளிர் மண்டலத்துக்கும் வெப்பத்தடை வேண்டும். அங்கே அது உள்வெப்பம் வெளியே ஓடாமல் தடுக்கும். இக்காரணத்தாலும் கூரையிலிருந்து தொடங்குவதே முறை என்கிறேன்.

முன்னோர் கண்ட வழிகள்

இவ்வறிவு புதியதன்று. பஞ்சாபிலும் தில்லிச் சுற்றுப்புறத்திலும் ‘மட் புஸ்கா’ என்னும் தளவரிசை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. வைக்கோல் துணுக்கு கலந்து பிசைந்த களிமண்ணைத் தளத்தின்மேல் பரப்பி, இறுக்கிக் கெட்டித்து, அதன்மேல் செங்கல் ஓடு பதிப்பார்கள். தென்னாட்டில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து இடித்துத் தளம் போட்டார்கள். மழைநீரை வடிக்கவும் வெப்பத்தைத் தடுக்கவும் ஒரே வேலை உதவிற்று. ஜெய்சால்மரின் பழைய மாளிகைகள் குறுகிய தெருக்களில் ஒன்றுக்கொன்று நிழல் தந்து நிற்கின்றன. அவற்றின் கல் ஜாலிகள் வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன.

பழையன யாவும் சிறந்தவை என்று நான் கூறவில்லை. கூரைவேய்ந்த குடிசை குளிர்ச்சியானதே. ஆனால் தீக்கும் புயலுக்கும் அது ஈடுகொடாது. தன் வீடு கான்கிரீட் வீடாக வேண்டும் என்று ஏழை விரும்புவதில் யாதொரு குற்றமும் இல்லை. பழைய வீட்டின் குளிர்ச்சியையும் புதிய வீட்டின் உறுதியையும் ஒன்று சேர்ப்பதே விஞ்ஞானத்தின் வேலை. 1947இல் தோன்றி ரூர்க்கியில் இயங்கிவரும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் கூரை வெப்பத்தைக் குறைக்கும் முறைகளை ஆராய்ந்திருக்கிறது. 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி நடுவே காற்றிடம் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையைப் பரப்பினார். இம்முறையில் செங்கல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சமாகிறது. சுவருக்குள் நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. செலவைக் குறைப்பதும் வெப்பத்தைக் குறைப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவர் எழுப்பிய கட்டடங்கள் சான்று பகர்கின்றன.

சில ஆட்சேபங்கள்

இக்கருத்துக்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் பார்ப்போம்.

சுண்ணாம்பு வெண்மை நிலைக்காது, தூசு படிந்து மங்கிவிடும் என்பர். உண்மையே. அதனால்தான் ஆண்டுதோறும் கோடை பிறக்குமுன் பூச வேண்டும் என்கிறோம். பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கும் குடும்பம், பங்குனிக்குள் கூரைக்கும் ஒருமுறை அடித்துவிடுதல் பெருஞ்சுமையன்று.

வெண்கூரை குளிர்காலத்தில் வடநாட்டு வீட்டை மேலும் குளிரச் செய்யாதா என்று கேட்பர். சிறிதளவு செய்யும். ஆனால் குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து செல்வதாலும் பகற்பொழுது குறுகியிருப்பதாலும் கூரை பெறும் வெயில் கோடையைவிட மிகக் குறைவு. அக்காலத்துக்குத் தெற்கு ஜன்னலே உதவி. தில்லியில் கோடை தரும் துன்பத்தின் நீளத்தையும் கணக்கில் கொண்டால், லாபம் வெண்மையின் பக்கமே நிற்கும்.

மூன்றாவது ஆட்சேபம் வலுவானது. ஒரே விசிறியும் இரண்டு விளக்கும் உள்ள ஏழை வீட்டில் கூரையைச் சீர்திருத்தினால் எத்தனை யூனிட் மிச்சமாகும்? மிகச் சொற்பமே. இதை மறைக்க வேண்டியதில்லை. 2019இல் வெளியிடப்பட்ட இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், நாட்டின் வீடுகளில் சுமார் 8 சதவிகிதத்திலேயே அறைக் குளிர்சாதனம் இருந்ததாகக் கணக்கிட்டது. எஞ்சிய வீடுகளில் கூரை வெப்பம் மின்கட்டணச் சீட்டில் தெரிவதேயில்லை. அதனால்தான் அது நம் கண்ணுக்கும் படாமல் போய்விடுகிறது. கட்டணச் சீட்டில் தொகை சிறிதாக இருப்பதனாலேயே ஒரு வீட்டைச் சிக்கனமான வீடு என்று சொல்லிவிட முடியுமா? பட்டினி கிடப்பவனைச் சிக்கனக்காரன் என்று யாரும் புகழ்வதில்லை. செலவிட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் எவ்வளவு நலம் கிடைத்தது என்பதே திறனுக்கு அளவுகோல். குளிர்ந்த கூரையின் கீழே அதே விசிறி உறக்கத்தைத் தரும். காய்ந்த கூரையின் கீழே தராது. மேலும், இன்று குளிர்சாதனம் இல்லாத வீட்டார் நாளை கையில் பணம் சேர்ந்தவுடன் முதலில் வாங்கப்போவது அதையே. அப்போது அவ்வீட்டின் கூரை எப்படியிருக்கிறது என்பதைப் பொறுத்தே நாட்டின் மின்நிலையங்கள் சுமக்க வேண்டிய பாரம் அமையும்.

சிறு வீட்டின் நிலை

இங்கே உயிர்ப் பிரச்சினை ஒன்றும் அடங்கியிருக்கிறது. 2010 மே மாதத்தில் ஆமதாபாத் நகரில் உஷ்ணநிலை 46.8 டிகிரியை எட்டியது. வழக்கமான கணக்கைவிட 1,300க்கு மேற்பட்ட மரணங்கள் அம்மாதத்தில் அங்கே அதிகமாக நிகழ்ந்தன. அதன்பின் 2013இல் அந்நகரம் வெப்பத் தற்காப்புச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்காசிய நகரங்களில் அதுவே முதலாவது. 2017இல் அங்குள்ள எளிய மக்களின் வீட்டுக் கூரைகளை வெளுக்கும் முயற்சி தொடங்கியது. 2023இல் தெலங்கானா அரசு குளிர்ந்த கூரைகளுக்கெனத் தனிக் கொள்கையொன்றை வெளியிட்டது.

இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் சட்டத்தின் கை எதுவரை எட்டுகிறது என்பதையும் நாம் அறிந்திருத்தல் நலம். 2018ஆம் ஆண்டு விதித்தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளுக்கென வகுக்கப்பட்டது. கூரையின் வழியே வெப்பம் ஊடுருவும் அளவு 1.2 வாட்டை மீறலாகாது என்று அது விதித்தது. 2022இல் திருத்தப்பட்ட எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம், 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின்இணைப்புச் சுமையுள்ள பெருங்கட்டடங்களையே முதன்மையாகக் கருதியது. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் கிராமப் பிரிவில் கட்டப்படும் வீட்டுக்குக் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர். 2016இல் தொடங்கிய அத்திட்டத்தின் முதல் இலக்கு 2.95 கோடி வீடுகள். 2024இல் மேலும் 2 கோடி வீடுகளுக்கு அநுமதி அளிக்கப்பட்டது. இத்தனை கோடிச் சிறு வீடுகளும் அவ்விதித்தொகுப்பின் வாசலுக்கு வெளியே நிற்பவை. அவ்வீட்டுக்குப் பொறியாளர் வரைபடம் போடுவது அரிது. கொத்தனாரும், வீட்டுக்காரரும், மேற்பார்வைக்குச் செல்லும் பணியாளருமே அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றனர்.

வாடகைக்குக் குடியிருப்போர் நிலையும் கவனிக்கத்தக்கது. கூரை வீட்டுக்காரருடையது, மின்கட்டணமும் உறக்கமின்மையும் குடியிருப்போருடையவை. கூரையைச் சீர்செய்யும் செலவு ஒருவருக்கும் அதன் பயன் வேறொருவருக்கும் சேர்வதால் இருவருமே வாளாவிருக்கின்றனர். விசிறி வாங்குபவர் நட்சத்திரத்தைப் பார்த்து வாங்குகிறார். வாடகை வீடு தேடுபவருக்கு அத்தகைய அடையாளம் ஒன்றும் காணக் கிடைப்பதில்லை. மேல்மாடி வீட்டைப் பார்க்கப் போகிறவர் மாலை ஆறு மணிக்குப் போய், மேற்கூரையின் அடிப்பாகம் சுடுகிறதா என்று பார்த்துவரலாம். அதைவிட நேர்மையான முத்திரை இப்போதைக்கு இல்லை.

நாம் செய்யத்தக்கவை

களப்பணியாளர்களுக்கு என் வேண்டுகோள் இது. அஸ்திவாரம் தோண்டுமுன் ஒருமுறை அவ்விடத்துக்குச் செல்லுங்கள். அடித்தளம் எழும்பிய பிறகு கூறும் யோசனை பயன் தராது. இடவசதி இருக்குமானால், வீட்டின் நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்குமாறு அமைக்கச் சொல்லுங்கள். ஜன்னல்கள் எதிரெதிரே அமையட்டும். ஒவ்வொரு ஜன்னலுக்கும் நிழற்பலகை இருக்கட்டும். மேற்குப் புறத்தில் வேம்போ புங்கமோ ஒன்று நடச் செய்யுங்கள். வீடு முதிர மரமும் முதிரும். கடைசியாக, தளம் போட்டவுடன் கணக்கை முடித்துவிடாமல், தளவரிசைக்கும் வெண்பூச்சுக்கும் உரிய பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைக்கச் செய்யுங்கள். கட்டட வேலையில் பணம் தீர்ந்துபோவது எப்போதும் கூரையின்மேல்தான்.

ஆசிரியர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு அட்டைப் பெட்டிகளைத் தகரத் துண்டால் மூடுங்கள். ஒரு தகரத்துக்குச் சுண்ணாம்பு பூசி, மற்றதற்குக் கரியைத் தடவி, இரண்டுக்குள்ளும் வெப்பமானி வைத்து, காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை வெயிலில் வையுங்கள். மணிக்கொருமுறை மாணவர்களே அளந்து எழுதட்டும். பிறகு பள்ளியின் மேல்மாடி வகுப்பறை ஒன்றில், கூரைக்கு ஒரு சாண் கீழே ஒரு வெப்பமானியையும், வெளியே தாழ்வாரத்து நிழலில் மற்றொன்றையும் தொங்கவிடச் சொல்லுங்கள். வெளியே உஷ்ணநிலை உச்சத்தை அடையும் நேரமும், கூரையடியில் உச்சத்தை அடையும் நேரமும் வெவ்வேறாக இருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, மாதந்தோறும் நண்பகல் நிழலின் நீளத்தையும் திசையையும் குறித்துவரச் செய்தால், நிழற்பலகையின் அளவை எந்தப் பொறியாளரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அச்சிறுவன் வீட்டுக்குப் போய்த் தன் தந்தையிடம் கூறும் ஒரு வார்த்தை, நாம் அச்சிடும் ஆயிரம் பிரசுரங்களைவிட வலியது.

சிக்கனமான விளக்கை வாங்குவோம். குறைந்த மின்சாரத்தில் சுழலும் விசிறியை மாட்டுவோம். ஆனால் அவ்விசிறியை மாட்டுவதற்காக ஏணிமேல் ஏறும்போது, அதன் கொக்கி தொங்கும் கூரையையும் ஒருகணம் தொட்டுப் பார்ப்போம். அது சுட்டால், நம் வேலை இன்னும் தொடங்கவேயில்லை என்று அறிந்துகொள்வோம்.